கண்ணாடி ஸ்ப்ரேயின் வாடை

தம்பி,

வண்டிச் சாவியைத் தேடாதே. இதைப் படிக்காமல் சவாரிக்குக் கிளம்பிவிடுவாய் என்று சர்க்கரை டப்பாவுக்குள் போட்டிருக்கிறேன்.

கார்க் கண்ணாடி துடைக்க நான் எங்கள் கடையிலிருந்து கொண்டுவந்து தந்த ஸ்ப்ரேயை, செய்த கம்பெனியே திரும்பக் கேட்கிறது. நேற்று மாலைதான் தகவல் வந்தது. மூடிக்குக் கீழே கசிகிறதாம். சின்னப் பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளுமாம். உன் சீட்டுக்கு அடியில் இருந்ததை எடுத்துப் பின்சுவரோரம் நிழலில் வைத்திருக்கிறேன். குப்பையில் போடாதே. கடை டிரைவர் மதியம் வருவார், அவரிடம் கொடு. கார்க் கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறேன், நன்றாகக் காற்றாடட்டும். உள்ளே சிகரெட் கூடாது.

ஸ்ப்ரே டப்பாவைத் தூக்கியதும் அதே சாராய வாடை. ஒரு வாரமாக உன் சட்டையில் அடித்த வாடை. "மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சிட்டியாடா?" என்று தினமும் கேட்டேன். "வண்டியில ஏதோ நாத்தம்க்கா, தலை வலிக்குது" என்றாய். நான் நம்பவில்லை. முந்தாநாள், "போலீஸ் நாய் மாதிரி மோப்பம் பிடிக்காதக்கா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாய்.

எழுப்ப மனம் வரவில்லை. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாப்பிடு.

அக்கா

தலைவலி இருந்தால் இன்று வண்டி எடுக்காதே.

இன்னொன்று. இனி வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியலறைக்கு ஓடாதே. என் பக்கத்தில் வந்து உட்கார். மோப்பம் பிடிக்க மாட்டேன்.