நெயினில் இறங்கியவள்

ஹெப்ரன் விரிகுடா
ஜூலை 22, 1984

என் மெல்வினாவுக்கு,

வயிறு இப்போது எப்படி இருக்கிறது? உன்னை நெயினில் உன் சிநேகிதி ரோடாவிடம் விட்டுவிட்டு வந்ததிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "ஏழு குளிர்காலம் கொட்டகையில தட்டித் தட்டிக் கட்டின படகு. என் வாந்திக்காக நிறுத்தாதே, போ" என்று நீதான் விரட்டினாய். உன் பேச்சைக் கேட்டது சரிதானா என்று கரை நெடுக யோசித்துக்கொண்டே வருகிறேன்.

இங்கே கடல் வரைபடத்தில் பாதி வெறும் வெள்ளை. ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி ஆழம் பார்த்துப் பார்த்து நகர்கிறேன். நேற்று மீன் ஏற்றும் படகில் ரெனாட்டஸ் என்பவர் வந்தார். என் பாய்மரத்தைப் பார்த்து, "எஞ்சின் வந்து எத்தனை காலமாச்சு, இன்னும் துணியைக் கட்டிக்கிட்டு அலையறியே. வீட்டுக்காரி துரத்திட்டாளா?" என்றார். அவள் பாதி வழியில் இறங்கிவிட்டாள் என்றேன். "அப்ப அவளுக்குப் புத்தி இருக்கு" என்று ஒரு பெரிய மீனைத் தூக்கிப் போட்டார். இந்தக் கடிதம் அவர் கையில்தான் வருகிறது.

இன்னும் வடக்கே நாக்வாக் வரை போய்விட்டு ஆகஸ்ட் கடைசியில் நெயினுக்குத் திரும்புவேன். நீ அடுத்த கப்பலில் ட்விலிங்கேட்டுக்கு, நம் வீட்டுக்குப் போய்விடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஹெட்லி


நெயின்
ஜூலை 30

ஹெட்லி,

நீ இருக்கும் பக்கம் போகிற படகு எதுவும் இல்லை. இதை ரோடாவிடம் கொடுத்து வைக்கிறேன். திரும்பி வரும்போது வாசி.

நான் கப்பல் ஏறவில்லை. எனக்கு வந்தது வயிற்றுக் கோளாறே இல்லையாம். மருத்துவ நிலையத்து நர்ஸ் சொன்னதை நம்பாமல் மறுபடியும் சோதிக்கச் சொன்னேன். உண்மைதான், ஹெட்லி. நாற்பதைத் தொடப்போகிற வயதில், நாம் இருவரும் குழந்தைப் பேச்சையே விட்ட பிறகு!

ரோடா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "கடல் ஒத்துக்கலைன்னு நினைச்சியா? அடி பைத்தியம், நாலு பெத்தவ நான் பக்கத்துலயே இருக்கேன், கேட்டிருக்கலாமில்ல?"

ரேடியோவில் உனக்குச் சொல்லட்டுமா என்று நர்ஸ் கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன். உனக்கு முன்னால் கரையோரப் படகுக்காரர்கள் அத்தனை பேருக்கும் அது தெரிந்துவிடும். உன் முகத்தைப் பார்த்து நானே சொல்ல வேண்டும். நீ வரும்வரை இங்கேயே இருக்கிறேன்.

அன்புடன்
மெல்வினா


நெயின்
ஆகஸ்ட் 3

ஹெட்லி,

நேற்றுக் காலையிலிருந்து உதிரம் போகிறது. அசையாமல் படுத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். கூஸ் பே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விமானம் தயாராக இருக்கிறதாம். மூடுபனியில் இறங்க முடியவில்லை. ஜன்னலில் எதிர் மலையே காணோம்.

ரேடியோவில் இப்போது சொல்லிவிட்டோம். "ஹெட்லியின் மனைவிக்கு உடம்பு சரியில்லை, திரும்பி வரச் சொல்லுங்கள்" என்று நர்ஸ் அனுப்பினாள். உன் ரேடியோவுக்கு இங்கிருந்து எட்டாது. ஒரு படகு கேட்டு அடுத்த படகுக்குச் சொல்லி, அப்படியே போய்ச் சேர வேண்டும். நான் கூப்பிடுவது எத்தனையோ பேருக்குத் தெரிந்துவிட்டது. உனக்குத் தெரிந்ததா என்றுதான் தெரியவில்லை.

ரோடா பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பின்னிக்கொண்டிருக்கிறாள். சிரிக்கவைக்கப் பார்க்கிறாள். சிரித்தால் பயமாக இருக்கிறது.

வந்துவிடு.

மெல்வினா


நாக்வாக்
ஆகஸ்ட் 6

என் மெல்வினாவுக்கு,

இதை நம் வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். நேற்று ரேடியோ ஒரே கரகரப்பு. யாரோ ஒரு படகுக்காரர் என்னைத் தேடிக் கூப்பிட்டார். "உன் வீட்டுக்காரி... திரும்பி..." என்று மட்டும் காதில் விழுந்தது. "திரும்பிப் போயாச்சா? நல்லா இருக்காளா?" என்று கத்தினேன். "ம்" என்பதுபோல் ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. நீ பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாய் என்றதும் மனசு லேசாகிவிட்டது. எடுத்து வைத்திருந்த ரம் புட்டியைத் திறந்தேன்.

மலையிலிருந்து காற்று திடீர் திடீரென்று அறைகிறது. நங்கூரம் இழுபட்டுப் படகு பாறைக்குப் பக்கத்தில் போய்விட்டது. இப்போது கரைப்பாறைகளில் கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறேன். நிலம் ஆராய வந்தவர்கள் ஹெலிகாப்டரில் தெற்கே போகிறார்கள். "வேணும்னா ஏறிக்கோ, நெயின்ல விட்டுடறோம்" என்றார்கள். படகை யார் பார்த்துக்கொள்வது? சிரித்துவிட்டு இந்தக் கடிதத்தை மட்டும் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த மலைகளில் விழும் அருவிகளைப் பார்க்கும்போதெல்லாம் உன்னைத்தான் நினைக்கிறேன்.

உன் ஹெட்லி


நெயின்
ஆகஸ்ட் 29

மெல்வினா,

நான் வந்து நின்றதும் ரோடா அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். உன் கடிதங்களைக் கொடுத்தாள். முதல் கடிதத்தை வாசித்துவிட்டு எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் கையை விலக்கி, "இன்னொண்ணு இருக்கு. உக்காந்து படி" என்றாள்.

மீதியை அவள் வாயால் கேட்டேன். பனி விலகி விமானம் வந்தபோது அவசரம் எதுவும் மிச்சமில்லை என்றாள்.

நீ வீட்டுக்குப் போய்விட்டாய் என்று அவள் சொன்னதும் தொலைபேசியில் கூப்பிட்டேன். உன் அக்கா எடுத்தாள். நீ பேசும் நிலையில் இல்லை என்றாள். நான் ரேடியோவில் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். ஹெலிகாப்டரில் ஏறியிருக்கலாம். என்னைத் திட்டு, மெல்வினா. எப்படி வேண்டுமானாலும் திட்டு.

நீ வரச்சொல்லி ஒரு வரி எழுதினால் படகை இங்கேயே போட்டுவிட்டு அடுத்த கப்பலில் வருகிறேன். அதுவரை இங்கேதான் இருப்பேன்.

ஹெட்லி


ட்விலிங்கேட்
செப்டம்பர் 6

ஹெட்லி,

உன் கடிதம் கிடைத்தது. நாக்வாக் கடிதம் முன்பே வந்துவிட்டது. அதைப் படித்த அன்று அக்கா என்னைத் தனியாக விடவில்லை.

உன்னைத் திட்ட வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்தேன். நீ ஹெலிகாப்டரில் ஏறியிருந்தாலும் அதற்கு முந்தைய நாளே எல்லாம் முடிந்துவிட்டது. ரேடியோவில் சரியாகக் கேட்டிருந்தாலும் அந்தக் காற்றில் உன்னால் வந்திருக்க முடியாது. போ என்று சொன்னவளும் நான்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் யார் மேலும் தப்பில்லை. உன் மேல் தப்பு இருந்திருந்தால் திட்டித் தீர்த்து, அழுது முடித்து, உன்னை வீட்டுக்குள் கூப்பிட்டிருப்பேன். இப்போது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

படகை அப்படியே போட்டுவிட்டு வராதே. கரையேற்றி, பனி விழுமுன் நன்றாக மூடிக் கட்டிவிட்டு வா. கப்பல்துறைக்கு நான் வரமாட்டேன், அக்கா வருவாள். வீட்டில் நான் பேசாமல் இருந்தால் ஏன் என்று கேட்காதே.

கதவைப் பூட்டியிருக்க மாட்டேன்.

மெல்வினா