சோற்றில் குத்திய ஊதுபத்தி

இன்று வெள்ளிக்கிழமை. லண்டன் லூயிஷாமில் பாத்திரக் கடையைத் திறந்து, கல்லாவுக்கு மேலிருக்கும் பிள்ளையாருக்கு ஊதுபத்தி கொளுத்தினேன். வழக்கமான பெட்டி அல்ல, புதுச் சரக்கு. நம் குவாங்சோ விடுதி அறையின் வாசம் அதில் இருந்தது. நீ போய் ஏழு மாதம். உன்னை நினைத்து ஒருநாளும் வேலையை நிறுத்தியதில்லை. இன்று பத்து நிமிடம் நிறுத்தினேன்.

படிப்பின் மேல் ஆசைப்பட்டு நான் சீனாவுக்குப் போகவில்லை. அங்கிருந்து பாத்திரம் இறக்கும் வியாபாரத்தில் தரகர் இரண்டு பக்கமும் கமிஷன் அடிப்பது தெரிந்துவிட்டது. மொழியை நானே படித்தால் அவன் எதற்கு? முப்பத்துமூன்று வயதில் ஒரு வருட மொழி வகுப்பில் சேர்ந்தேன். அறையில் என்னோடு போட்டது உன்னை. மன்னாரில் பிறந்து, பிரான்ஸ் போய், வட லண்டன் எட்மண்டனில் குடியேறிய வேதக்காரன், கத்தோலிக்கன். லண்டனில் ஒருநாளும் சந்திக்காத இருவரைக் குவாங்சோவில் ஓர் அறைக்குள் அடைத்தார்கள்.

மூன்று கிழமையில் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் முன் வாய் திறக்க வெட்கம். சாப்பாட்டுக் கூடத்தில் விரலால் காட்டித்தான் வாங்கினேன். மதியத்தில் அலுவலகங்களைப் பூட்டிவிட்டுப் படுத்துவிடுவார்கள். அந்த இரண்டு மணி நேரம் ஒரு வியாபாரிக்கு நரகம். கொண்டுபோன தொலைபேசி அட்டைகளெல்லாம் லண்டனுக்குப் பேசியே தீர்ந்தன. எங்கள் மாடியில் இருந்த கொரியர், வியட்நாமியர் எவரும் என்னுடன் பேசவில்லை, நானும் பேசவில்லை. உனக்குச் சொல்லாமல் டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன்.

அதற்கு முந்திய வெள்ளி, வெள்ளை வேட்டியைத் தோய்த்துக் கதவில் காயப்போட்டுவிட்டு, ஊதுபத்தி குத்தி வைக்க அரிசி தேடினேன். சமையல் தடையான விடுதியில் அரிசி ஏது? சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எடுத்துவந்த சோற்றுக் கிண்ணத்தில் மூன்று குச்சிகளைக் குத்தினேன். மாடி துடைக்கும் பெண்மணி எட்டிப் பார்த்தார். துடைப்பத்தைச் சாத்திவிட்டு, கிண்ணத்தை நோக்கி மூன்று முறை குனிந்து வணங்கிப் போனார். பக்தி என்று நினைத்தேன். பின்னேரம் மாடிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தோடம்பழம் தந்தார்கள், பிஸ்கட் தந்தார்கள். ஒரு வியட்நாம் பெண் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். நான் பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருக்க, நீ வந்தாய்.

"முதலாளி, ஆர் செத்தது?"

"ஒருத்தருமில்லை. ஏன்?"

"வெள்ளைத் துணி, சோத்தில பத்தி. இஞ்ச அது செத்த ஆக்களுக்குச் செய்யிறதாம், படியில வைச்சுச் சொல்லுகினம். மாடி முழுக்க உனக்காகத் துக்கம் கொண்டாடுது. நீ இருந்து தோடம்பழம் தின்னுறாய்!"

கட்டிலில் விழுந்து சிரித்தாய். என் புத்தி வேறு பக்கம் ஓடியது.

"நல்லதாப் போச்சு. ஞாயிறு லண்டனுக்குப் போறன். செத்தவீட்டுக்குப் போறன் எண்டே நினைக்கட்டும்."

உன் சிரிப்பு நின்றது.

"போறதெண்டால் போ. ஏலாமல் போச்சு எண்டு சொல்லிப்போட்டுப் போ. இல்லாத ஆளைச் சாக்காட்டிப்போட்டுப் போகாதை. அந்தச் சனம் மனசறிஞ்சு தந்த பழமடா."

'ஒருவரும் சாகவில்லை, இது எங்கள் வெள்ளிக்கிழமை வழக்கம், நன்றி' என்பதை, உனக்கு அதற்குள் நாக்கில் ஏறிவிட்ட சீனத்தில் சொல்லித் தந்து, என்னைத் தள்ளிக்கொண்டு போனாய். முதல் கதவில் உன் கை என் முதுகில் இருந்தது. நான் தடக்கிய இடமெல்லாம் எடுத்துக் கொடுத்தாய். இரண்டாவதில் பேசாமல் பின்னால் நின்றாய். மூன்றாவதில் பாதிப் பேச்சில் சொல் வராமல் திரும்பினேன். நீ இல்லை. மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டே மீதியைச் சொன்னேன். அந்தக் கொரியன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு ஏதோ கேட்டான். விளங்கியது. பதில் சொன்னேன். ஒன்பது கதவுகளும் முடித்து வந்து பார்த்தால், மிச்சத் தோடம்பழங்களை நீ தின்று தீர்த்திருந்தாய். ஞாயிறு விமானம் நான் இல்லாமல் போனது.

எட்மண்டன் தேவாலயத்தில் உனக்கு இறுதிப் பூசை வைத்த அன்று, உன் அண்ணை என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். "ஏலாது அண்ணை" என்றேன். பொய்ச் சாட்டு ஒன்றும் சொல்லவில்லை.

வருடத்தில் இரண்டு முறை குவாங்சோ போகிறேன், தரகர் இல்லாமல். புதுத் தொழிற்சாலை வாசலில் நின்று பேசும்போது, சில வேளை சொல் பாதியில் நின்றுவிடும். தலை தன்பாட்டில் பின்னால் திரும்பும். அங்கே ஒருவரும் இருப்பதில்லை. மீதியை நானே சொல்லி முடிக்கிறேன்.