நான்காவது எலுமிச்சம்பழம்

இன்று விடிந்ததும் பரண்மேல் இருந்த உங்கள் செயற்கைக் காலை இறக்கினேன். சுற்றியிருந்த வேட்டியைப் பிரித்ததுமே அந்த வாசனை. தோல்வாரில் ஊறிய தேங்காய் எண்ணெயும் உங்கள் வியர்வையும். நீங்கள் போய் இரண்டு வருஷமாகியும் அது போகவில்லை. போகவும் விடமாட்டேன், அவ்வப்போது நானே எண்ணெய் தடவி வைக்கிறேன். தெருவில் பூசணிக்காய் உடைக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஆயுத பூஜை. உங்கள் பண்டிகை.

பட்டாளத்திலிருந்து நீங்கள் மைசூருக்குத் திரும்பியபோது நமக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான். முழங்காலுக்குக் கீழே இடது கால் எல்லையில் ஒரு கண்ணிவெடியோடு போயிருந்தது. நம் ஊர் மார்டள்ளியிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர்கள், இழவு வீட்டுக்கு வந்தவர்களைப் போலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். நீங்களோ புதுக் காலுக்கு 'ஜவான்' என்று பேர் வைத்து, "ஏ புள்ள, ஜவானுக்கு ஒரு காப்பி கொண்டா" என்று சத்தம் போட்டீர்கள். உங்கள் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு அத்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு ஆட்டோ வாங்கினீர்கள். இவன் எப்படி ஓட்டுவான் என்று ஸ்டாண்டில் இருந்தவர்கள் இழுத்தார்கள். "கிளட்சும் கியரும் கையில. பிரேக்குக்கு வலது காலு. இடது காலுக்கு இந்த வண்டில என்ன வேலை, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டீர்கள். ஏறுகிற சவாரிகளில் சிலர் ஜவானைப் பார்த்துவிட்டு, "அய்யோ பாப" என்று கன்னடத்தில் பாவம் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். உடனே வண்டியை ஓரங்கட்டுவீர்கள். "பாபன்னு சொல்றவங்க நடந்து போகலாம்." தமிழோ கன்னடமோ, யாராக இருந்தாலும் இதே பேச்சுதான். வந்த சவாரியை இறக்கிவிட்டால் அடுப்பு எப்படி எரியும் என்று நானும் சண்டை போட்டுப் பார்த்தேன். நீங்கள் கேட்டால்தானே!

ஆட்டோ வந்த பிறகு வந்த முதல் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று எலுமிச்சம்பழம் வைத்தோம். பூஜை முடிந்து வண்டியை நகர்த்தி நசுக்க வேண்டியதுதான் பாக்கி. திடீரென்று நீங்கள் ஜவானைக் கழற்றி, சாமி படத்துக்கு முன்னால் ஸ்பானருக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தீர்கள்.

அத்தைக்கு வந்ததே கோபம். "ஏஞ்சாமி, தெருவெல்லாம் மிதிச்ச காலைக் கொண்டாந்து சாமி முன்னால வெக்கறயே, அடுக்குமா?"

"டயரு மட்டும் என்ன, பூ மேலயா ஓடுச்சு? அதுக்குப் பொட்டு வெச்சியேம்மா. இதும் என்னையச் சுமக்கற வண்டிதான்."

நான்காவதாக ஒரு பழம் கேட்டீர்கள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஜவானை மாட்டிக்கொண்டு, பழத்தை அதன் அடியில் வைத்து ஒரே மிதி. சாறு அத்தையின் புடவை வரைக்கும் தெறித்தது. அன்றைக்கு முழுக்க அவர் நம் இருவரோடும் பேசவில்லை.

முப்பது வயதுகூட ஆகவில்லை உங்களுக்கு. உடம்பில் எடுக்க முடியாமல் தங்கிப்போன வெடிச் சிதறல்களில் ஒன்று சீழ் பிடித்து, ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டீர்கள். துக்கம் கேட்க வந்த ஒருவர், "சண்டையில போயிருந்தா ஒரு மரியாதையாச்சும் இருந்திருக்கும்" என்றார். "சண்டைலதாங்க போனாரு. அது வீடு வரைக்கும் கூடவே வந்து காத்துட்டிருந்துச்சு, அவ்வளவுதான்" என்றேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டாம்.

அஸ்தி கரைக்க ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். உங்கள் அண்ணன் ஜவானையும் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "செத்தவன் சாமானு வீட்ல இருக்கக் கூடாதும்மா. காவேரில விட்டுடலாம்." ஆட்டோவையும் விற்றுவிடச் சொன்னார். பொம்பளை இருக்கிற வீட்டில் அதற்கு என்ன வேலையாம்! படித்துறையிலேயே அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். "இது செத்த சாமான் இல்லீங்க மாமா. நேத்து வரைக்கும் ஓடிட்டிருந்த வண்டி. ஆட்டோவ நான் ஓட்டிக்கறேன்."

எனக்கு ஓட்டத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. பொருட்காட்சி மைதானம் காலியாகக் கிடக்கிற மாதங்களில், பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது. "எனக்கு ஒத்தக் காலு. உனக்கு ரெண்டு காலு இருக்குதல்ல, அப்புறம் என்ன பயம்? முறுக்கு புள்ள!"

முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஸ்டாண்டில் முதலில் முறைத்தார்கள், இப்போது இடம் விடுகிறார்கள்.

இன்று மூன்று சக்கரத்துக்கும் பழம் வைத்தேன். ஜவானுக்குச் சந்தனம் வைத்தேன், குங்குமமும் வைத்தேன். புருஷன் போனவள் குங்குமத்தைத் தொடலாமா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். நான்காவது பழத்தை எடுக்கத் திரும்பினால், கூடையில் காணோம். அத்தையின் கையில் இருந்தது. குனிய முடியாமல் குனிந்து, அதைத் தரையில் வைத்தார்.

"அமுக்கு கண்ணு" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து ஜவானைப் பிடித்து அமுக்கினோம். இந்தத் தடவையும் சாறு அவர் புடவையில்தான் தெறித்தது. அவர் துடைக்கவில்லை. நான் அழுதேன்.

எங்களோடு மார்க்கெட்டுக்கு வருவதாக இருந்த எதிர்வீட்டு அம்மா அப்போதுதான் பையோடு வந்து நின்றார். எங்களைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "அய்யோ பாப" என்றார்.

அத்தை நிமிர்ந்தார். "பாபன்னு சொல்றவங்க நடந்து போகலாம்."

உங்கள் குரல் அத்தையிடமிருந்துதான் வந்ததென்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உங்களைச் சுமந்ததை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் முறுக்கினேன். மூன்று பழமும் நசுங்கின.

எதிர்வீட்டு அம்மா நடந்துதான் போனார்.