நீ எழுதாத தொண்ணூறு

சீட்டில் இருந்த ஒன்பதின் வாலைத்தான் முதலில் பார்த்தேன். அது உள்பக்கமாக வளைந்திருந்தது. நீ ஒன்பது போட்டால் வால் குச்சி மாதிரி நேராக இறங்கும்.

கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்க நாம் செய்யும் ஃபஸ் பெடல்களில், சென்னையிலிருந்து திரும்பி வந்த ஒன்றுக்குள் இருந்த சீட்டு அது. வெயிலில் வாசித்தால் கிடாரின் சத்தம் அடைத்துப்போகிறது என்று வாங்கியவர் திருப்பி அனுப்பியிருந்தார். 'லீக்கேஜ் 90' என்று போட்டு, சோதித்தவர் என்ற இடத்தில் உன் பேர் இருந்தது. தேதியைப் பார்த்தேன் அக்கா. உன்னை நகரியில் அடக்கம் செய்து பதினோராம் நாள் அது. டிரான்சிஸ்டரைப் பிடுங்கி மீட்டரில் வைத்தேன். நானூற்றுப் பத்து.

நாம் இருவரும் திருப்பதிக்கு வேலைக்கு வந்த முதல் வாரம் நினைவுக்கு வருகிறது. பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் ஒரு தட்டு நிறையக் கிடந்தன. மீட்டரில் பெரிய எண் காட்டியதையெல்லாம் நல்ல டப்பாவில் போட்டோம். சாயங்காலம்தான் தெரிந்தது, அந்த எண் வீணாகக் கசியும் மின்சாரம் என்று. நூறுக்குள் இருந்தால் நல்லது, முந்நூறைத் தாண்டினால் குப்பை. நாம் குப்பையை மட்டும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருந்தோம்.

"இன்னாமே, மார்க்குன்னு நெனச்சிக்கினோம்" என்றாய். "நம்ம ரெண்டு பேரும் எப்ப மார்க்க பாத்துக்கீறோம்?"

நான் எட்டாவதோடு நின்றவள், நீ பத்தாவதில் நின்றவள். அன்றைக்கு நகரிக்குத் திரும்பும் ரயிலில் புத்தூர் தாண்டும்வரை சிரித்தோம். எனக்கு அப்படிச் சத்தமாகச் சிரிக்க வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு உன்னை யாராலும் அவசரப்படுத்த முடியவில்லை. விரல் பட்ட சூட்டுக்கே எண் ஏறிவிடும், ஆறினால்தான் இறங்கும். எண் இறங்கி நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

"ஏம்மா, ஒண்ணொண்ணுக்கும் முகூர்த்தம் பாக்கறியா?" என்று முதலாளி கத்துவார்.

"சூடு எறங்கட்டும் சார். இப்பவே எழுதினா பொய்யாப் பூடும்."

பெடலுக்குள் நீ எழுதி வைத்த சீட்டுகளை நம்பித்தான் வெளியூர்க்காரர்கள் உன் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள்.

நீ கடைசியாக வந்த நாளில், நீ தொட்ட டிரான்சிஸ்டர்களின் எண் ஏறிக்கொண்டே போனது. இறங்க வழக்கத்தைவிட வெகுநேரம் ஆனது, மறுபடி தொட்டால் மறுபடி ஏறியது.

"என் கை அடுப்பு மாதிரி கீதுமே" என்று சிரித்தாய். உன் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

முதலாளி உன் நாற்காலியை ஏசிக்குக் கீழே இழுத்துப் போட்டார். "இங்க குந்து. இந்த பேட்ச்ச முடிச்சிட்டு போம்மா." உனக்காக இல்லை, டிரான்சிஸ்டருக்காக. அவளுக்குக் காய்ச்சல் சார், வீட்டுக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. தலையைக் குனிந்து என் தட்டைப் பார்த்துக்கொண்டேன். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் உன் உயிர் போனது. டெங்கு என்றார்கள். அன்றைக்குக் குனிந்த என் தலையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

இப்போது நம் மேசைக்கு மேலே உன் படம் மாட்டியிருக்கிறது. முதலாளி பிளாஸ்டிக் மாலை போட்டிருக்கிறார். வாங்குகிறவர்கள் வீடியோவில் பேசினால் போனைத் தூக்கி அந்தப் படத்தைக் காட்டுகிறார், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், பிறகு விலை பேசுகிறார்.

இன்றைக்கு அந்தச் சீட்டை அவர் முன்னால் வைத்தேன். விரலை நாக்கில் தொட்டு அதைத் திருப்பிப் பார்த்தார்.

"ஓ, இதுவா? பர்வாலேதும்மா. ஊர்ல எல்லாரும் அந்தப் பேருக்குத்தான் வாங்கறான். ஆளு போனா பேருமா போயிடும்?" கொஞ்சம் யோசித்தார். "என் எழுத்து அவ மாதிரி வரல. நீ எழுது. உன்னுது அச்சு அவ எழுத்துதானே."

அது உண்மைதான். சாப்பாட்டு நேரத்தில் உன் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகியவள் நான்தான்.

பதினாறு பெடல்களைக் கொண்டுவந்து அடுக்கினார். சீட்டுக் கட்டையும் தன் பேனாவையும் வைத்தார். "எல்லாத்துலயும் தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சுன்னு மாத்தி மாத்திப் போடு. சாயங்காலம் கொரியர் வந்துடுவான்." டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனார்.

பேனா மூடியில் அவர் கடித்த ஈரம் இருந்தது. அதை அப்படியே தள்ளி வைத்துவிட்டு என் பையிலிருந்து வேறு பேனா எடுத்தேன். முதல் பெடலின் நாலு திருகையும் கழற்றினேன். டிரான்சிஸ்டரைப் பிடுங்கி மீட்டரில் வைத்து, எண் இறங்கி நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முந்நூற்று எண்பதில் நின்றது. அதையே சீட்டில் எழுதினேன். சோதித்தவர் என்ற இடத்தில் என் பேரைப் போட்டுவிட்டு, அடுத்த பெடலை எடுத்தேன்.