அப்பாவுக்கு ஒரு மேசை

மார்ச் 3, திங்கள்
வருகிற வெள்ளிக்கிழமை நான் மேலாளர். ஒரே ஒரு மதியத்துக்குத்தான். எங்கள் விருந்தோம்பல் துறையின் பயிற்சி உணவகத்தை இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நாள் நடத்த வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் சமைப்பார்கள், பரிமாறுவார்கள். விருந்தாளிகளை மட்டும் நாமே பிடித்து வர வேண்டும். மூலையில் உட்கார்ந்து பேராசிரியை மதிப்பெண் போடுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு.

நான் அழைக்கப் போவது அப்பாவை. மதிப்பெண்ணுக்காக இல்லை. வெளியூர் ஓட்டலில் பயிற்சி வேலை கிடைத்திருக்கிறது. சேருகிறேனா இல்லையா என்று இந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டும். அப்பா "பாக்கலாம்" என்கிறார். எங்கள் வீட்டில் அதற்கு "வேண்டாம்" என்று அர்த்தம்.

மார்ச் 4, செவ்வாய்
கேட்டேன். அப்பா தன் கடையில் பெயின்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டே, "அடுத்தவங்க சாப்பிட்ட தட்ட நீ எடுக்கறத நான் வேற வந்து பாக்கணுமா?" என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்
வருகிறாராம்! அம்மா என்ன மந்திரம் போட்டாளோ. கூடவே அத்தையும் வருகிறாராம். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அப்பாவின் அக்கா வாயில் விழாமல் தப்பித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் கைக்குழந்தைகள் மட்டும்தான். அதுகூடச் சந்தேகம்.

மார்ச் 6, வியாழன்
நாப்கின் மடித்து மடித்து விரல் மரத்துப்போனது. உணவகத்துக்குள் நுழைந்துவிட்டால் அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாம் கிடையாது. எல்லோரும் சார், மேடம்தான். தராசின் சட்டம் அது. கண்ணாடி முன்னால் நின்று "வாங்க சார்" என்று சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 7, வெள்ளி
நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். சூப் ஆறிப்போச்சு என்று அத்தை திருப்பி அனுப்பினார். சூடாகக் கொண்டுவந்தால் நாக்கு வெந்துபோச்சு என்றார். அடுத்த கிண்ணத்தில் உப்பு அதிகமாம். நான் குனிந்து, எப்படிப் பிடிக்கும் என்று நீங்களே சொல்லுங்கள் மேடம், சமைத்தவரையே கூப்பிடுகிறேன் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சமைத்தவன் வந்து நின்றதும் அத்தை குளிர்ந்துவிட்டார். அவன் குடும்பத்தையெல்லாம் விசாரித்துக்கொண்டே அதே சூப்பைக் குடித்து முடித்தார்.

அப்புறம் அப்பா. சாப்பிட்டு முடித்தார், பரிமாறுகிறவன் வேறு மேசையில் இருந்தான் என்று நானே தட்டை எடுக்கக் கை நீட்டினேன். சட்டென்று தட்டோடு எழுந்துவிட்டார். "விடும்மா, நானே கழுவிக்கறேன்." நேராகச் சமையலறைக்குள் போய், சட்டைக் கையை மடித்துவிட்டுக் குழாயைத் திறந்து... கடவுளே. பின்னாலேயே ஓடினேன். வாசலில் தராசு, பேனாவும் கையுமாக.

"சார், தட்ட குடுங்க. உங்க மேசைக்கு வாங்க சார்."

அப்பா என்னைப் பார்த்தார். யாரோ முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல. தட்டைக் கொடுத்துவிட்டார். புட்டிங்கைத் தொடவே இல்லை.

விருந்தாளியைச் சமையலறைக்குள் விட்டதற்கு மதிப்பெண் வெட்டு. போகட்டும், பாஸாகிவிட்டேன். ஆனா அப்பா— ஏன் அவர சார்னு கூப்பிட்டேன்? வேற என்னதான் பண்ணியிருக்க முடியும்? அழுகை அழுகையா வருது.

மார்ச் 8, சனி
நான் எழுவதற்குள் அப்பா கடைக்குக் கிளம்பிவிட்டார். ராத்திரி அவர் வருவதற்குள் நான் படுத்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்
கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். திறந்த டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அப்பா எப்போதும் அதைவிடப் பெரிதாகக் கத்துவார். இன்று அவரை உட்காரச் சொல்லி, எந்த மாதிரி நிறம் வேண்டும் என்று நிதானமாகக் கேட்டார். வந்தவரே கொஞ்சம் பயந்துபோனார்.

அவர் போன பிறகு, என் பக்கம் திரும்பாமலே பேசினார். "பொறந்ததுல இருந்து உங்க அத்தைய பாக்கறேன். கோவப்படாம அவள சமாளிச்ச மொத ஆளு நீதான்." டப்பா மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீ தட்ட எடுக்க வந்ததும் கூசிப்போச்சும்மா. பெத்த பொண்ணு என் எச்சித் தட்ட எடுக்கறதான்னு."

"அது என் வேலைப்பா" என்றேன். மனம் கொஞ்சம் லேசானது. அந்தத் தைரியத்தில் வெளியூர் வேலையைப் பற்றியும் கேட்டுவைத்தேன்.

"பாக்கலாம்."

போச்சு.

மார்ச் 14, வெள்ளி
இன்று என் வகுப்புத் தோழன், நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிறவன், மேலாளர். நான் பரிமாறுகிறவள். அவனுக்கு ஆள் சேரவில்லை என்று வீட்டில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். பார்த்தால், தேய்த்த சட்டையோடு அப்பா வாசலில் நிற்கிறார். கூட மாமா, அத்தையின் கணவர். வாய் பேசாத மனிதர். அவருக்குப் பேச வாய்ப்பும் கிடைத்ததில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மாமா சங்கோசத்தோடு தட்டைத் தூக்கிக்கொண்டு எழப் பார்த்தார். அப்பா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"தட்ட வைங்க மச்சான். அது அவங்க வேலை. படிச்சிட்டுல்ல செய்யறாங்க."

மாமாவின் தட்டை எடுத்தேன். பிறகு அப்பாவினுடையதை. கையை நகர்த்திக்கொண்டார். அடுத்துத் தண்ணீர் ஊற்றும்போது, நான் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல மாமாவிடம் சொல்கிறார்:

"ஒண்ணாந்தேதி வேலைல சேரப் போறா. நான்தான் கொண்டுபோய் விடறேன்."

தம்ளர் நிறைந்து, விரிப்பு நனைந்து, மாமா மடியில் தண்ணீர் இறங்கிய பிறகுதான் கை நின்றது. மாமா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, ஈரத்தோடே புட்டிங் சாப்பிட்டார். மதிப்பெண் போச்சு என்று நெட்டை என்னைத் திட்டித் தீர்த்தான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.