மருமகள் கைப்பையில் என் பல்செட்

கடல் தாண்டி இருக்கும் பெரியவனுக்கு, அம்மா எழுதுவது.

அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன், கேள். கட்டிலில் நான். கால்மாட்டில் உன் தம்பி. ஜன்னலோரம் அவன் பெண்டாட்டி. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு சின்ன டாக்டர். சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்த குண்டு நர்ஸ். தம்பியின் போனுக்குள் நீ. அம்மாவுக்கு இதெல்லாம் ஞாபகமே இருக்காது என்று பேசிக்கொண்டீர்களே, யார் என்ன நிறச் சட்டை என்றுகூடச் சொல்லட்டுமா?

வழுக்கி விழுந்து உடைந்த இடுப்பு எலும்பு சேர்ந்துகொண்டு வருகிறது. கோலூன்றிக் குளியலறை வரை போகிறேன்.

நான் வழுக்கி விழும் முன்பே பாதி ஆள்தான். மூட்டு வலியோடு அடுப்படியில் நிற்க முடியாமல் மாதக்கணக்கில் டீயும் ரஸ்க்குமாக ஓட்டினேன். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. பார்த்தவர்களெல்லாம் இளைச்சு அழகாயிட்டீங்க என்றார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், கண்ணுக்குள் விளக்கடித்தார்கள். என்னம்மா சாப்பிடறே என்று ஒருத்தர் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு வெறும் வயிறு என்று பட்டினி போட்டார்கள். அவசரக் கேஸ் வந்ததென்று என்னைத் தள்ளிவைத்து, மறுநாளும் பட்டினி.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது பல்செட்டைக் கழற்றச் சொன்னார்கள். தொலையக் கூடாதே என்று உன் தம்பி பெண்டாட்டி அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டாள். அத்தோடு மறந்தும் போனாள். மறதி எனக்காம்! பொக்கை வாய்க்குக் காய்ந்த ரொட்டி வரும், வந்தபடியே திரும்பும். பாட்டிக்கு அடம் ஜாஸ்தி என்பாள் நர்ஸ்.

பொய் சொல்ல மாட்டேன், புத்தி தடுமாறியது நிஜம். சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. சின்ன டாக்டரை உங்கப்பா என்று நினைத்து, செத்துப்போய் இவ்வளவு நாள் எங்கேய்யா சுத்தினே என்று பிடித்துத் திட்டினேன். அதற்காக? என் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்வதா? முதியோர் இல்லத்தில் எனக்கு இடம் பேசுவதா?

பெரிய டாக்டரம்மா வந்துதான், இவங்க பல் எங்கே என்று கேட்டாள். வயசான உடம்பு, சத்தில்லாத நேரத்தில கத்தி வச்சா இந்த மாதிரி பிதற்றல் வரலாம், முதல்ல சாப்பிட வைங்க என்று உன் தம்பியைக் காய்ச்சி எடுத்தாள். பல் வந்தது. பாலும் முட்டையும் குழைந்த சோறும் உள்ளே போகப் போக எறும்பெல்லாம் மறைந்தது. உங்கப்பாவும் போய்விட்டார்.

சாவி மட்டும் வரவில்லை. அண்ணன் சொன்னால் தருகிறேன் என்கிறான் உன் தம்பி. நீ சொல்லு. சமைக்க ஒரு ஆளை வைத்துக்கொண்டு என் வீட்டில் நான் இருந்துகொள்கிறேன்.

மருமகள் அழுதாள். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டான். அவர்கள் மேல் இருந்த கோபம் திட்டியே தீர்ந்தது. ஆனால் அன்றைக்குப் போனை என் காதில் வைத்தார்களே, உன்னிடம் நான் எறும்பைப் பற்றிச் சொல்லவில்லை, உங்கப்பாவைப் பற்றியும் சொல்லவில்லை. பசிக்குதுடா என்றேன். அம்மா உளறுது, போனை வாங்கு என்றாய்.

பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். நீயும் வேளைக்குச் சாப்பிடு. எந்த ஊரில் இருந்தாலும் உன் வயிறு வாடக் கூடாது. நன்றாக இரு. மன்னிக்க மட்டும் கேட்காதே. நான் மன்னிக்காத ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான், என் மூத்த மகன்.

அம்மா