நாற்பத்தொரு பேரின் படங்கள்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. மாடியில் துணி காயவில்லை.

கம்ப்யூட்டர் மறுபடி நின்றுவிட்டது. மூன்றாவது தடவை. உள்ளே கல் அரைபடுகிற மாதிரி சத்தம்.

செய்ய வேண்டியவை: கேஸுக்குச் சொல்ல. மாவு அரைக்க. இணையதளப் படங்களுக்கு நகல் எடுக்க. கடைசியாக எழுதியது ஜூனிலிருந்து இந்தப் பட்டியலிலேயே கிடக்கிறது.

தளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. இந்தக் கரையிலிருந்து கடலுக்குப் போய் வராத நாற்பத்தொரு பேர். பெயர், ஊர், போன நாள், படம், வீட்டார் சொன்ன நாலு வரி. மாலத்தீவுக்குப் போன சரக்குத் தோணியோடு என் கணவர் எபனேசரும் வராமல் போன பிறகு தொடங்கினேன். முதல் பெயர் அவர்தான்.

போனில் சட்டென்று திறக்க வேண்டும் என்று படங்களைச் சுருக்கித்தான் ஏற்றுவேன். பெரிய படங்கள் இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்.

மாலை புன்னைக்காயலிலிருந்து பிலோமினா போன். "டீச்சர், எங்க வீட்டுக்காரரு படம் பெரிசா ஒண்ணு வேணும். ஆத்துமாக்கள் மாசம்லா. செவத்துல மாட்டி மாலை போட்டு செபம் சொல்லணும்." அந்தோணி போய் ஆறு வருஷம். அவள் வீட்டில் இருந்த ஒரே படம் வெள்ளத்தில் போயிற்று. நான் ஸ்கேன் செய்து வைத்ததால் தப்பியது என்று ஊரெல்லாம் சொல்வாள்.

வியாழக்கிழமை கொண்டு வருகிறேன் என்றேன்.

நவம்பர் 5, புதன்

தூறல். கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் செல்வியின் ரிப்பேர் கடைக்கு. என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவள். காதை வைத்துக் கேட்டாள்.

"டிஸ்க் போவுது டீச்சர். எவ்வளவு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது. எது முக்கியமோ அத மொதல்ல எடுத்துக்கிடுங்க."

மவுஸ் என் கையில். பெயர்கள் வரிசையாக. அந்தோணி, புன்னைக்காயல். பார்த்தேன். பார்க்கவில்லை என்று இங்கேயாவது பொய் எழுத வேண்டாம்.

கை எபனேசர் மேல் போயிற்று. கல்யாணப் படம். தோணியில் இன்ஜின் பக்கத்தில் நிற்பது. தாடி வளர்த்திருந்தபோது எடுத்தது. எல்லாம் வீட்டு ஆல்பத்தில் இருப்பவைதான். பென்டிரைவில் மெதுவாக ஏறின, ஒவ்வொன்றாக. கடைசிப் படம் முடிந்ததும் அந்தோணியைத் தொட்டேன். சத்தம் நின்றது. திரை நீலம்.

செல்வி மத்தியானம் வரை பார்த்தாள். "உள்ள கீறிப் போச்சு டீச்சர். சென்னைக்கு அனுப்புனாலும் வராது."

தளத்தில் இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்று முழுவதையும் இறக்கி இன்னொரு பென்டிரைவில் போட்டுத் தந்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

ஐந்து மாதம் தள்ளிப்போட்ட வேலை.

சாப்பிடவில்லை.

நவம்பர் 6, வியாழன்

தளத்திலிருந்த சின்னப் படத்தைச் செல்வி பெரிதாக்கி அச்சடித்தாள். முகம் கட்டம் கட்டமாக. மூக்கு எது, வாய் எது?

ஆத்தூரில் பஸ் மாறி புன்னைக்காயல். பிலோமினா சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தாள். மாலையும் தயார், ஈரத்துணியில் சுற்றி.

எல்லாம் சொன்னேன். டிஸ்க், சத்தம், செல்வி சொன்னது. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"யாரு படத்த மொதல்ல எடுத்தீக?"

"எபனேசருடையது."

"அண்ணாச்சி படம் உங்க வீட்டு ஆல்பத்துல இருக்குல்லா. நான் பாத்திருக்கேனே."

"இருக்கு."

எழுந்து அடுப்படிக்குப் போனாள். டீ போட்டுத் தந்தாள். சர்க்கரை மறந்திருந்தாள், நானும் கேட்கவில்லை. அச்சடித்த தாள் மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, போங்க."

எப்போதும் பஸ் ஸ்டாண்டு வரை கூட வருவாள். இன்று வரவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

நல்ல மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். மற்ற வீடுகளுக்கு போன்.

மணப்பாடு: அசல் இருக்கிறது, மறுபடி தருவார்கள்.
வீரபாண்டியன்பட்டினம்: எடுக்கவில்லை.
திரேஸ்புரம்: "போனா போவுது டீச்சர். பேரு இருக்குல்லா."
பழையகாயல்: அழுதார்கள். நான் போனை வைக்கவில்லை.

இன்னும் முப்பது பேருக்கு மேல் பாக்கி. எபனேசர் படங்கள் உள்ள பென்டிரைவ் கைப்பையிலேயே. திறந்து பார்க்க மனம் வரவில்லை.

நவம்பர் 10, திங்கள்

வெயில். பத்து மணிக்கு வாசலில் பிலோமினா. கையில் பிளாஸ்டிக் கவர். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

"குலசேகரன்பட்டினத்துல எங்க நாத்தனார் வீட்ல தேடினோம். இது ஒண்ணுதான் கெடச்சுது."

கோயில் திருநாளில் எடுத்த படம். சப்பரம் தூக்கிப் போகும் ஆட்கள், எல்லோரும் முதுகு காட்டி.

"மொகம் தெரியாது. மத்தவுகளுக்கு யாருன்னே தெரியாது. எனக்குத் தெரியும்." விரலை வைத்துக் காட்டினாள். அந்தோணியின் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அத விடுங்க. இத இப்பமே ஏத்துங்க. என் கண்ணு முன்னால."

செல்வி இரவல் தந்த லேப்டாப்பில் ஏற்றினேன். சுருக்கவில்லை. பிறகு மூன்று நகல். ஒன்று எனக்கு, ஒன்று செல்வி கடைக்கு. மூன்றாவதை பிலோமினா கேட்டு வாங்கினாள். அவளிடம் கம்ப்யூட்டர் கிடையாது.

"இல்லாட்டி என்ன? எங்கிட்டயும் ஒண்ணு கெடக்கட்டும்." செபமாலைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

படத்தின் கீழே என்ன எழுத என்று கேட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சப்பரத்துக்கு இடது பக்கம், மூணாவது ஆளு. நீலச் சட்டை. திரும்பல."

அப்படியே எழுதினேன்.